கோல்ஃப் மட்டையின் பாதையும் இடுப்பு மூட்டும்

இடுப்பு, முதுகு, முழங்கை ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்று மீண்டும் கோல்ஃப் ஆடத் தொடங்குவோர் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு. வலி குறைந்துவிட்டது; ஆனால் பந்து முன்போல் நேராகச் செல்வதில்லை, வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது என்பர். வீட்டாருக்கு இது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றலாம். எங்களுக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. எந்த மூட்டு தன் பங்கைச் செய்யவில்லை என்பதற்கு வளையும் பந்தே தடயமாக இருக்கக்கூடும். அதைத் தவறான வழியில் திருத்த முயல்வோர் புதிய வலியுடன் திரும்பி வருகின்றனர்.

வலக்கை ஆட்டக்காரரை வைத்தே இங்கு விளக்குகிறோம். இடக்கையினர் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்க. பந்து எத்திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் மட்டையின் முகம் தீர்மானிக்கிறது. எப்பக்கம் வளையும் என்பது, அம்முகத்துக்கும் மட்டை வரும் பாதைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்தது. மட்டை வெளிப்புறமிருந்து வந்து இலக்குக் கோட்டைக் குறுக்கே வெட்டி உட்புறம் செல்லும்போது, முகம் அப்பாதைக்கு வலப்புறம் நோக்கியிருந்தால் பந்து வலப்பக்கம் வளைகிறது. புல்தரையில் மட்டை பெயர்த்த தடம் இலக்குக்கு இடப்புறமாகச் சாய்ந்திருந்தால், பாதை கோணியது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

உடனே பலர் செய்வது, பந்தை அடிக்கும் கணத்தில் மணிக்கட்டைத் திருகுவது. மட்டையும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியின் 2000-இல் ஒரு பங்கே. அதற்குள் மூளை கட்டளையிட்டுத் தசை பணிவது நடவாத காரியம். பாதை சரியாவதில்லை, முழங்கையின் உட்புற எலும்பில் பற்றியுள்ள தசைநாண்களே நோகின்றன. ‘கோல்ஃபர் எல்போ’ என்று மருத்துவர் சொல்வது இதைத்தான்.

பாதை கீழ்நோக்கிய வீச்சின் தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. அப்போது உடலின் எடை இடது காலுக்கு மாற வேண்டும். இடுப்பெலும்பு இடது தொடைமூட்டின் மீது சுழல வேண்டும். அம்மூட்டு இறுகியிருந்தாலோ, வலிக்குமென்ற அச்சம் அதைத் தடுத்தாலோ, சுழலும் வேலையைத் தோளும் கீழ்முதுகும் ஏற்றுக்கொள்கின்றன. தோள் முந்தினால் கைகள் வெளியே தள்ளப்பட்டு மட்டை குறுக்கே வெட்டுகிறது. கீழ்முதுகோ, தனக்கு இயல்பல்லாத அளவு முறுக்கப்படுகிறது. பயிற்சியாளரிடம் போகுமுன் மூட்டின் அசைவை அளந்து பாருங்கள் என நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

டாம் வாட்சனுக்கு 2008 அக்டோபரில் இடது இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், 59 வயதில், ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் நடந்த ஓப்பன் போட்டியின் கடைசிக் குழிவரை அவரே முன்னணியில் இருந்தார். அக்குழியில் ஓர் அடி கூடிப்போய், கூடுதல் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்கிடம் தோற்றார். வாழ்நாளெல்லாம் ஆடிய தொழில்முறை வீரரின் கதை இது. எல்லோருக்கும் ஒன்பது மாதம் என நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் எடை தாங்கிச் சுழல வேண்டிய அதே இடது மூட்டுதான் அவருக்கு மாற்றப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்து, ஒரு பாதத்தை மட்டும் வெளிப்புறம் நகர்த்திப் பாருங்கள். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்தால் எங்களிடம் தெரிவியுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் மட்டும் அறுவை மருத்துவரின் அனுமதியின்றி இச்சோதனையைச் செய்யலாகாது. சில வகை அறுவைக்குப்பின் இவ்வசைவே மூட்டை நழுவச் செய்யக்கூடும்.

ஆட அனுமதி கிடைத்தவர்கள் இடது பாதத்தின் நுனியைச் சற்று வெளிப்புறம் திருப்பி நிற்கலாம்; மூட்டின் சுமை குறையும். மேல்நோக்கிய வீச்சில் இடது குதிகாலை உயர விடுவது முதுகுக்கு நல்லது. மடித்த துண்டு ஒன்றைப் பந்துக்கு ஒரு சாண் பின்னால், இலக்குக் கோட்டுக்குச் சற்று அப்பால் வையுங்கள். குட்டை மட்டையால், இடுப்பளவு உயரத்திலிருந்து மறுபக்கம் இடுப்பளவு வரை மட்டும் மெதுவாக வீசுங்கள். முதலில் பந்தே வேண்டாம். மட்டை துண்டைத் தட்டினால் பாதை இன்னும் வெளியிலிருந்தே வருகிறது. மரத்துண்டோ கல்லோ வைக்காதீர்கள். அதிர்ச்சி நேரே முழங்கைக்குப் போகும். முழு வீச்சுக்கு அவசரப்படுவதே நாங்கள் அதிகம் காணும் இடறல்.

உடனிருப்போருக்கும் இதில் வேலையுண்டு. ஆடுபவருக்குப் பின்னே, இலக்குக் கோட்டின் நீட்சியில், வீச்சு எட்டாத தொலைவில் நின்று, அவர் கையின் உயரத்தில் கைபேசியைப் பிடித்து ஐந்தாறு வீச்சுகளைப் படமெடுங்கள். வீச்சின்போது முகம் சுளிக்கிறாரா, மறுநாள் காலையில் எழும்போது இடுப்பையோ முழங்கையையோ பிடித்துக்கொள்கிறாரா என்பதையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை வரும்போது படத்தையும் குறிப்பையும் எங்களிடம் காட்டுங்கள்.