தூக்கி வைத்த ஜீப்பில் 'டொக்' சத்தம்... கோளாறு எங்கே?

ஆழியாறில் ஏறத் தொடங்கினால் வால்பாறை போய்ச் சேர்வதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கோ 70. இந்தப் பாதைகளில் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஸ்டீரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரப் பக்கம் 'டொக்' என்று கேட்டால் யாருக்கும் அடிவயிறு கலங்கும். மலையடிவாரத் தோட்டங்களில் வாழைத்தாரும் உரமூட்டையும் சுமக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் இந்தச் சத்தம் புதிதல்ல. பாறையில் அடி தட்டாமல் இருக்க 2, 3 அங்குலம் தூக்கி, பெரிய டயர் போட்ட வண்டி என்றால் இன்னும் சீக்கிரமே வரும்.

"ஸ்டீரிங்ல ஆட்டம் இருக்குதுங்க" என்று பட்டறையில் சொன்னால், பல இடங்களில் முதலில் கை வைப்பது ஸ்டீரிங் பாக்ஸ் மேலே இருக்கும் திருகில்தான். அதை இறுக்கினால் ஆட்டம் குறைந்ததுபோலத் தெரியும். தேய்ந்தது டை ராடு எண்டாக இருந்தால் அது தேய்ந்தபடியேதான் இருக்கும். அளவுக்கு மேல் இறுக்கிய பாக்ஸ் நடுவில் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ஒரு கோளாறு இரண்டானதுதான் மிச்சம்.

வண்டியைத் தூக்கியதும் என்ன நடக்கிறது? ஸ்டீரிங் பாக்ஸ் சேஸிஸில் இருக்கிறது. சக்கரங்கள் பட்டை ஸ்பிரிங்குக்குக் கீழே அச்சில் இருக்கின்றன. சேஸிஸ் மேலே போகும்போது பாக்ஸும் கூடவே போகிறது. அச்சு இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் டிராக் லிங்க், ஏறக்குறைய படுத்த நிலையில் இருந்தது, சரிந்து நிற்கிறது. குழியில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தச் சரிவு ஸ்டீரிங்கை ஒரு பக்கம் இழுக்கும். பால் ஜாயிண்டும் தன் எல்லைவரை சாய்ந்தே வேலை செய்வதால் ரப்பர் உறை கிழியும். செம்மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் தேய்மானம் வேகமெடுக்கும்.

கண்டுபிடிக்க இரண்டு ஆட்கள் போதும். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கை பிரேக் போட்டுவிடுங்கள். சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் ஸ்டீரிங்கை இடம் வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் ஸ்டீரிங் ராடிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். நல்ல இணைப்பில் இரண்டு பக்கமும் ஒன்றாக அசையும். தேய்ந்ததில் ஒரு பக்கம் அசைந்த பிறகுதான் மறுபக்கம் அசையும். 'டொக்' விரலிலேயே தெரியும். பாக்ஸை சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகளை மறக்கவே கூடாது. பெரிய டயரின் இழுப்பில் அந்த இடத்து இரும்பே விரிசல் விட வாய்ப்புண்டு. சேற்றைக் கழுவிவிட்டுப் பார்த்தால்தான் விரிசல் கண்ணுக்குப் படும்.

ஸ்டீரிங்கை ஆட்டும்போது சக்கரம் திரும்பாமல் அச்சே பக்கவாட்டில் நகர்ந்தால், குற்றவாளி லிங்க் அல்ல. ஸ்பிரிங் புஷ், சாக்கிள், யு போல்ட் இவற்றைப் பாருங்கள்.

அடுத்தது ஜாக்கி. முன்சக்கரத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், ஒருவரை ஃபுட் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு எண்டு.

தேய்ந்த எண்டை மாற்றத்தான் வேண்டும். வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது. கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொண்டு, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினால் அலைன்மென்டுக்குப் போகும்வரை வண்டி ஓரளவு நேராக ஓடும். நட்டை இறுக்கிய பிறகு ஊக்கு போடும் துளை நேராக வரவில்லையா? நட்டை இன்னும் கொஞ்சம் முன்னே இறுக்குங்கள். பின்னே தளர்த்தக் கூடாது. பழைய ஊக்கை நிமிர்த்திப் போடவும் கூடாது.

எல்லாம் புதிதாக மாற்றியும் வண்டி சாலையில் அலைகிறதென்றால், தூக்கியபோது காஸ்டர் கோணம் குறைந்திருக்கும். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து அதைச் சரிசெய்யலாம். டிராக் லிங்க் சரிவுக்கு, கீழே இறங்கிய பிட்மேன் ஆர்ம் போடுவது வழக்கம்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கேட்கும் இடத்தில் இது சிக்கலாகலாம். தோட்டத்து வேலைக்கு உண்மையிலேயே அந்த 3 அங்குலம் வேண்டுமா என்று யோசிப்பது நல்லது. பழைய பட்டைகளை மாற்றி, கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவந்தாலே பல வண்டிகளுக்குப் போதும்.

பால் ஜாயிண்ட் மேலும் கீழுமாக ஆடுகிறதென்றால் அது எப்போது வேண்டுமானாலும் கழன்றுகொள்ளும். அந்த வண்டியைப் பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகாமல், மெக்கானிக்கைத் தோட்டத்துக்கே வரவழையுங்கள்.