மல்டி டூல் வாங்கப் போறீங்களா? எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீங்க!

தாமிரபரணிப் பாசன வயலில் பம்ப்செட் ஹோஸ் கிளாம்ப் லூசாகிடுச்சா? நெல்லை டவுன் கடையில் பார்சல் பிரிக்கணுமா? இரண்டுக்கும் மல்டி டூல் கைகொடுக்கும். எப்படித் தேர்வு செய்வது?

பிளேயர்: எத்தனை கருவி இருக்குன்னு எண்ணுவதை விட, மூடும்போது பிளேயர் நுனி இடைவெளியின்றிச் சேருதான்னு பாருங்க.

லாக்: விரித்த கத்தி லாக் ஆகணும். இல்லாவிட்டால் அழுத்தும்போது மடங்கி விரலை வெட்டிவிடும்.

எடை: முழு அளவு மாடல் மடக்கினால் சுமார் 10 செ.மீ., பெரும்பாலும் 200 கிராமுக்கு மேல். பாக்கெட்டை விட பெல்ட் உறையே வசதி.

முக்கிய எச்சரிக்கை: கைப்பிடி உலோகம், ஷாக் அடிக்கும். ஸ்டார்ட்டர் பெட்டி, கரண்ட் வயர் பக்கம் கொண்டுபோகாதீங்க. அதற்கு மெயினை ஆஃப் செய்துவிட்டு, இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளேயரைத்தான் எடுக்கணும்.

தூத்துக்குடி ஏர்போர்ட் போறீங்களா? கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் வைங்க.