நெல்மணியின் சுரப்பும் ஐப்பசி மழையும்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் ஒருங்கே வருவதுண்டு. சாய்ந்த கதிர் நீரில் கிடப்பின் மணிகள் கதிரிலேயே முளைத்துவிடும். அரைவையில் அரிசி நொய்யாகும். இந்நஷ்டத்தின் காரணத்தை விவசாயிகள் அறிதல் நலம்.

நீரை உறிஞ்சிய நெல்லின் முளைக்கரு, ஜிபரலின் என்னும் ஊக்கப்பொருளை விடுக்கிறது. 1935-இல் ஜப்பானிய விஞ்ஞானி யபுட்டா இட்ட பெயர் இது. இதனால் தூண்டப்பெற்ற தவிட்டுப் படலத்தின் உயிரணுக்கள், அமிலேஸ் என்னும் புரதத்தை உண்டாக்கி, நுண்ணிய பைகளில் அடைத்து, கால்ஜி என்னும் உள்ளுறுப்பின் வழியே வெளியில் சுரக்கின்றன. அப்புரதம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி முளைக்கு ஊட்டுகிறது. விலங்குகளின் கணையத்தில் இத்தகைய சுரப்புவழியைக் கண்ட ஜார்ஜ் பலாடே, 1974-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

விதையை 24 மணி நேரம் ஊறவைத்து முளைகட்டும்போது நாற்றுக்கு உயிரூட்டும் சுரப்பே, முற்றிய கதிரில் விளைச்சலை அழிக்கிறது. இரண்டையும் தொடங்கி வைப்பது நீர். ஆகையால் மணி முற்றியதும் வயல்நீரை வடித்துவிடுக. அறுத்த கதிரைப் போரில் ஈரமாய் வையாது உடனே அடித்து, களத்தில் மெல்லிதாகப் பரப்பி உலர்த்துக. சேமிக்கும் நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படலாகாது. கதிரில் முளைத்த நெல்லை விதைக்கு ஒதுக்கலாகாது. கிராம அலுவலர்கள் மழைக்கு முன்னரே வடிகால்களைச் சீர்செய்வித்தல் ஊருக்கே நன்மையாம்.