கொச்சியின் கபாலா ஞானியும் ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதாவும்

இந்திய மண்ணில் யூத மறைஞானம் வாழ்ந்தது என்பதற்கு, இன்றும் நேரில் சென்று காணக்கூடிய சான்றாக, கொச்சி மட்டாஞ்சேரியில் வீடுகள் நெருங்கிச் சூழ்ந்த ஓரிடத்தில் நெகமியா மோத்தாவின் கல்லறை இருக்கிறது. எபிரேய மொழியில் அமைந்த அதன் கல்வெட்டு, அவரைப் பெயர்பெற்ற கபாலா அறிஞர் என்றும் இறையச்சம் மிக்கவர் என்றும் போற்றி, யூத நாட்காட்டியின் 5376-ஆம் ஆண்டு கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாளில், அதாவது 1615 டிசம்பரில், அவர் மறைந்ததாகக் குறிக்கிறது. யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்கா தொடங்குவதும் அந்நாளில்தான். அவர் ஏமனிலிருந்து வந்தவர் என்றும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர் என்றும் வழக்குகள் மாறுபடுகின்றன. ஆனால் அவர் எபிரேயக் கவிஞர் என்பதும், அவருடைய பாடல்கள் கொச்சி யூதர்களின் வழிபாட்டில் நிலைபெற்றன என்பதும் உறுதியானவை.

இக்கல்லறையில் யூதர்கள் மட்டுமன்றி இந்துக்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வது நெடுங்கால வழக்கம். சித்தர்கள் உறைவதாக நம்பப்படும் பெரம்பலூர் எளம்பலூர் பிரம்மரிஷி மலையில் கார்த்திகைத் தீபம் தொழுபவர்களுக்கும், தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்பவர்களுக்கும் இவ்வழக்கத்தை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. விளக்கம் வேண்டியது அந்த ஞானி கற்ற கல்விக்குத்தான்.

கபாலா என்பது மறைநூலின் சொற்களுக்குள் இறைவனின் உள்வாழ்வைத் தேடும் யூத மரபு. இதன் தலைமை நூலான ஸோஹர், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில் வெளிப்பட்டது. எல்லையற்ற பரம்பொருள் தன்னைப் பத்து நிலைகளில் வெளிப்படுத்துகிறது என்பதும், அந்நிலைகள் செஃபிரோத் எனப்படும் என்பதும் இம்மரபின் அடிப்படைக் கருத்துகள். 1492-இல் யூதர்கள் ஸ்பெயினைவிட்டுத் துரத்தப்பட்ட பிறகு, கலிலேயாவின் ஸாஃபெத் நகரில் ஐசக் லூரியா (1534-1572) இக்கல்விக்குப் புதிய உருவம் தந்தார். படைப்பின் தொடக்கத்தில் தெய்வீக ஒளியைத் தாங்கிய கலங்கள் உடைந்து, அவ்வொளியின் பொறிகள் உலகெங்கும் சிதறின என்றும், மனிதன் தன் வழிபாட்டாலும் நற்செயலாலும் அவற்றை மீட்டு உயர்த்த வேண்டும் என்றும் அவர் போதித்தார். நாடிழந்து அலைந்த ஒரு மக்களின் துயரம் இப்படிப் பிரபஞ்சத்தின் துயரமாகவே விரிந்தது. சமய வரலாற்றில் இதற்கு நிகரான துணிவு அரிது.

துரத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கொச்சி வரை வந்து சேர்ந்தனர். அங்குள்ள பரதேசி சினகாக் என்னும் யூதத் தொழுகைக்கூடம் 1568-இல் எழுந்தது. கடல் வாணிகத்தோடு நூல்களும் அறிஞர்களும் பாடல்களும் வந்து சேர்ந்தன. கொச்சி மரபின் எபிரேயப் பாடல்கள் 1757-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறின.

அந்த அச்சுவேலை நடந்த காலத்தில்தான், இன்றைய உக்ரைனைச் சேர்ந்த மெஜிபுஷ் ஊரில் ஹசிதியம் என்னும் யூத பக்தி இயக்கம் முளைவிட்டுக்கொண்டிருந்தது. அதன் மூலவராகப் போற்றப்படும் இஸ்ரேல் பென் எலியேசர் 1760-இல் மறைந்தார். அவருக்கு வழங்கிய பால் ஷெம் தோவ் என்ற பட்டம், இறைநாமங்களைக் கொண்டு நோய் தீர்ப்பவர் என்ற தொழிலோடு தொடர்புடையது. சிதறிய பொறிகள் எங்கும் உள்ளன என்றால், உண்பதும் உழைப்பதும் பாடுவதும் ஆடுவதும்கூட இறைவனை அடையும் வழிகளே என்று ஹசிதியம் துணிந்து சொன்னது. கற்றோருக்கு மட்டும் உரியதாக இருந்த மறைஞானம் கல்லாதவருக்கும் திறந்துவிடப்பட்டது. நடுவில் நின்று மக்களை வழிநடத்தும் நீதிமானாகிய ஸாதிக்கின் இடம் உயர்ந்தது. வில்னாவின் பேரறிஞர் எலியாவும் அவரைச் சார்ந்தோரும் 1772-இல் ஹசிதியர்களை விலக்கிவைத்த பின்னும் இயக்கம் ஓயவில்லை. இதன் ஒரு கிளையான ஹபாத், பின்னாளில் இந்தியாவிலும் மையங்கள் நிறுவியது. 2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய மும்பைத் தாக்குதலில் தாக்கப்பட்ட நாரிமன் இல்லம் அவற்றுள் ஒன்று.

ஹசிதியத்தைப் பற்றிய ஆய்வின் வரலாறும் கவனத்திற்குரியது. காந்திக்கு 1939-இல் மடல் எழுதியதால் இந்திய வாசகர்கள் அறிந்திருக்கக்கூடிய மார்ட்டின் பூபர், ஹசிதியர்களின் கதைகளைத் திரட்டி அவற்றிலேயே இயக்கத்தின் உயிர் இருப்பதாகக் கருதினார். எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் யூத மறைஞானத்தைத் தனித்துறையாக வளர்த்த கெர்ஷோம் ஷோலம் இதை மறுத்து, கதைகளைவிடப் போதனை நூல்களே முதன்மையானவை என்றார். பிறகு வந்த மோஷே ரோஸ்மன், 1996-இல் வெளியிட்ட நூலில் இருவரும் தொடாத சான்றைக் கையிலெடுத்தார். மெஜிபுஷ் ஊரை ஆண்ட போலந்துப் பிரபுக் குடும்பத்தின் வரிக் கணக்கேடுகளில் பால் ஷெம் தோவின் பெயர் பதிவாகியிருந்தது: யூத சமூகத்திற்குச் சொந்தமான வீட்டில் வரிவிலக்குடன் வாழ்ந்தவர், கபாலா கற்றவர், மருத்துவர். சமூகத்தை எதிர்த்து நின்ற ஏழைக் கலகக்காரர் என்று பலர் வரைந்திருந்த உருவம், சில வரிக் கணக்குக் குறிப்புகளால் மாறிப்போனது. மூவரில் எவரையும் ஒதுக்க முடியாது என்றாலும், ஞானியை அவர் வாழ்ந்த தெருவில் கொண்டுவந்து நிறுத்திய பெருமை கணக்கேட்டையே சாரும்.

இந்த ஆய்வுமுறைக்கு அரியலூரில் விளைநிலம் உண்டு. பால் ஷெம் தோவின் சமகாலத்தவரான இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் (1680-1747), கொள்ளிடத்தின் வடபுறம் உள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் என அழைத்துக் கலம்பகம் பாடினார். அரியலூர் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயரின் ராஜபிளவை மாதாவின் அருளால் நீங்கியதாகவும், நன்றிக்கடனாக அவர் கோயிலுக்கு நிலம் வழங்கியதாகவும் மரபு சொல்கிறது. நோய் தீர்த்த கதை, கொடை, நூல், சமயங் கடந்த நேர்த்திக்கடன் ஆகிய நான்கும் இங்கு ஒருசேரக் கிடைக்கின்றன. கதையைப் பூபர் போலவும், கலம்பகத்தை ஷோலம் போலவும், பாளையத்தின் நிலக் கணக்குகளையும் இயேசு சபை மடல்களையும் ரோஸ்மன் போலவும் ஒரே ஆய்வாளர் படித்தால், 18-ஆம் நூற்றாண்டின் மழவராயர் சீமையில் அரசரும் துறவியும் குடிமக்களும் எவ்வாறு ஒருவரையொருவர் சார்ந்திருந்தனர் என்பது இன்றுள்ளதைவிட எவ்வளவோ தெளிவாக விளங்கும். மாவட்டக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் இதைத் தொடங்குவதற்கு உரிய இடங்கள்.