மேசையிலிருந்து மடிக்கு

சொகுசுச் சுற்றுலா வண்டிகளைத் தவிர்த்துவிட்டால், பயணிகள் எழுந்து போய் மேசை முன் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடும் உணவகப் பெட்டி இந்தியாவில் இன்று ஒரே ஒரு ரயிலில்தான் ஓடுகிறது. மும்பைக்கும் புனேவுக்கும் இடையே 1930 ஜூன் 1 முதல் ஓடிவரும் டெக்கான் குயின் அது. 2022-ல் அந்த வண்டிக்குப் புதிய பெட்டிகள் வந்தபோதும் உணவகப் பெட்டியை எடுக்கவில்லை. 32 பேர் உட்கார்ந்த இடத்தில் 40 பேர் உட்காரும்படி பெரிதாக்கினார்கள். டெக்கான் குயினின் பயணம் மூன்றரை மணி நேரம்கூடக் கிடையாது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிறவர் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் வண்டியிலேயே கழிக்கிறார். அவருக்கு மேசை கிடையாது. அலுமினியத் தாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சாம்பார் சிந்தாமல் இருக்க முழங்கால்களை இறுக்கிக்கொண்டு சாப்பிடுகிறார்.

உணவகப் பெட்டி எல்லோருக்குமாக இருந்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் அது மேல்வகுப்புப் பயணிகளுக்கானது. தெற்கே ஸ்பென்சர், கிழக்கே கெல்னர், பம்பாய்ப் பக்கம் பிராண்டன் என்று கம்பெனிகள் குத்தகை எடுத்து நடத்தின. சூப், கட்லெட், ஆட்டுக்கறி, புட்டிங் என்று ஆங்கிலேயர் வீட்டுச் சாப்பாடு. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோக அப்போது வழி இல்லை. ஒரு நிலையத்தில் இறங்கி ஓடி உணவகப் பெட்டியில் ஏறி, சாப்பிட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். உணவகப் பெட்டி இல்லாத வண்டியில் கார்டிடம் சொல்லிவைத்தால் அவர் முன்னால் உள்ள நிலையத்துக்குத் தந்தி கொடுப்பார். வண்டி போய் நிற்கும்போது பரிமாறும் பேரர் தட்டோடு காத்திருப்பார். இன்றைக்கும் வண்டிக்குள் கேட்கிற ‘பிரட் ஆம்லெட், கட்லெட்’ என்ற குரல் அந்தச் சமையலின் மிச்சம்.

மூன்றாம் வகுப்பில் வந்தவர்களுக்கு வீட்டிலிருந்து கட்டிவந்த கட்டுச்சோறு. அதை விட்டால் நிலையத்துச் சாப்பாடு. நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்கவும் கரி ஏற்றவும் நின்றாக வேண்டும். அந்த அவகாசத்தில் இறங்கி, கை கழுவி, இலை போட்டு உண்டுவிட்டு ஏற முடிந்தது. ஆனால் நம் பக்கத்து நிலையங்களில் அந்த இலைக்கும் இடம் பிரித்து வைத்திருந்தார்கள். பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். ஒரே கட்டணம் கொடுத்து, ஒரே வண்டியில் வந்து இறங்கியவர்கள் சோற்றுக்கு முன்னால் பிரிக்கப்பட்டார்கள். பெரியாரும் அவரது இயக்கத்தவரும் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் எழுதியும் பேசியும் போராடியும் வந்தார்கள். 1941-ல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. ரயில் சாப்பாட்டின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சட்டினியின் சுவையையும் காபியின் மணத்தையும் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது என்னால் ஏற்க முடியாத ஒன்று.

சுதந்திரத்துக்குப் பிறகு, அன்றைய ரயில்வே துணை அமைச்சரும் செங்கல்பட்டு எம்.பி.யுமான ஓ.வி. அழகேசன் தலைமையிலான குழு உணவு வழங்கல் முறையை ஆராய்ந்தது. 1955 முதல் ரயில்வே துறை தானே சமைத்துப் பரிமாறத் தொடங்கியது. பெட்டிகளுக்கு இடையே நடைவழி வந்ததும் பேரர் வண்டி முழுக்க நடக்க முடிந்தது. பயணி நடக்க வேண்டிய அவசியம் போயிற்று. மேசை நாற்காலிகள் இருந்த இடத்தை அடுப்பும் மூட்டைகளும் பிடித்துக்கொண்டன. உணவகப் பெட்டி பேன்ட்ரி கார் ஆனது இப்படித்தான்.

அந்த அடுக்களையை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓடுகிற வண்டியில், ஆடுகிற தரையில், இடுப்பளவு அண்டாவில் சோறு வேகும். வெளியே நாக்பூர் வெயில் என்றால் உள்ளே அதற்கும் மேலான அனல். காலை ஆறு மணிக்குக் காபியோடு தொடங்கும் வேலை, இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளைப் பொறுக்கி முடிக்கும்வரை ஓயாது. ஓர் ஆள் சின்னச் சீட்டும் பேனாவுமாக வருவார். ‘எஸ் ஐந்து, முப்பத்திரண்டு, ரெண்டு வெஜ், ஒரு முட்டை’ என்று குறித்துக்கொண்டு போவார். குழித்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தோளுயரத்துக்கு அடுக்கி, கூட்டத்துக்குள் ஒரு துளி சிந்தாமல் கொண்டுவருவார். இரவில் அந்த ஆட்கள் படுத்ததெல்லாம் பேன்ட்ரி தரையிலும் கிரேட்டுகளின் இடுக்கிலும்தான். விற்றதற்குக் கமிஷன் என்ற கணக்கில் பிழைத்தவர்கள் அவர்களில் ஏராளம். தட்டில் இருந்ததைக் குறை சொன்ன நாம் அந்த உழைப்பைக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

1999-ல் ரயில்வேயின் உணவு வழங்கல் நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. பிறந்தது. 2005 கொள்கை உணவுப் பொறுப்பை அதனிடம் கொடுத்தது. 2010 கொள்கை ரயில்வேக்கே திருப்பியது. 2017 கொள்கை மறுபடி அதனிடமே கொடுத்தது. இந்த இழுபறியில் யார் பொறுப்பு என்பதே மங்கிப்போனது. அதே 2017-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளியானது. 74 நிலையங்களிலும் 80 வண்டிகளிலும் பார்த்து எழுதிய அறிக்கை அது. குழாயில் பிடித்த சுத்திகரிக்காத தண்ணீரில் பானங்கள், மூடாத உணவு, எலி, கரப்பான் என்று அது சொன்னதையெல்லாம் நாடே படித்தது.

அதன்பின் சமையல் வண்டியை விட்டு இறங்கத் தொடங்கியது. பேன்ட்ரியில் பரிமாறல் மட்டும், சமையல் தரையில் உள்ள அடுக்களைகளில் என்பது கொள்கையானது. ரயில் பெட்டிக்குள் நெருப்பு என்றால் என்ன ஆகும் என்பதை மதுரை மறக்காது. 2023 ஆகஸ்டில் அங்கே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் பயணிகள் கொண்டுவந்த காஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ஆகவே அடுப்பு போனதற்காக நான் அழப்போவதில்லை. சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத்தில் சமையல் இல்லை. வழியில் ஏற்றிய டப்பாக்களைச் சூடாக்கிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

பயணிக்கு நல்லதும் நடந்திருக்கிறது. 2014-ல் தொடங்கிய இ-கேட்டரிங் முறையில் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் விஜயவாடாவில் நம் இருக்கைக்கே பிரியாணி வந்துவிடுகிறது. பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்ற விதியும் வந்தது; கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்த காலம் போய், விலைப் பட்டியலைக் காட்டிப் பேச முடிகிறது. 2012-ல் 50 ரூபாயாக இருந்த சைவச் சாப்பாடு 2019 முதல் 80 ரூபாய். அநியாய விலை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எஞ்சின் மின்சாரத்துக்கு மாறியதும் நிறுத்தங்கள் இரண்டு நிமிடமாகச் சுருங்கியதும் ஊர்ச் சுவைகளை வண்டியிலிருந்து பிரித்துவிட்டன. மணப்பாறையில் முறுக்கும் கடம்பூரில் போளியும் ஜன்னல் வழியாகக் கைமாறிய வண்டிகள் இருந்தன. ஏ.சி. பெட்டியின் கண்ணாடி திறக்காது. வேக வண்டி அந்த ஊர்களில் நிற்காது. சாதிப் பிரிவினையை நீக்கி எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க ஒரு தலைமுறை போராடியது. இன்று பந்தியே இல்லை. ஆளுக்கொரு டப்பா, ஆளுக்கொரு போன். பாட்னாக்காரரும் பாளையங்கோட்டைக்காரரும் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து உப்பைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு ரயிலைவிடப் பொருத்தமான இடம் எது?

டப்பாகூட எட்டாதவர்கள் முன்பதிவில்லாப் பெட்டியில் இருக்கிறார்கள். மூச்சுவிட இடமில்லாத அந்தக் கூட்டத்துக்குள் பேன்ட்ரி ஆளும் வர முடியாது, இ-கேட்டரிங் பையனும் வர முடியாது. அவர்களுக்காக 2023-ல் ரயில்வே ஒரு நல்ல காரியம் செய்தது: அந்தப் பெட்டிகள் வந்து நிற்கும் இடத்துக்கு நேராகவே பிளாட்பாரத்தில் கடை. ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய், 20 ரூபாய். சாப்பாட்டு வேளையில் நீண்ட தூர வண்டிகள் நிற்கும் ஒவ்வொரு நிலையத்திலும் இந்தக் கடை இருக்க வேண்டும், தாமதமாக வரும் வண்டிக்காக நள்ளிரவிலும் திறந்திருக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தைத் தாண்டி ஓடும் வண்டிகளில் மேசை போட்ட ஒரு பெட்டியும் வேண்டும், எந்த வகுப்புச் சீட்டு வைத்திருப்பவரும் வந்து உட்காரும்படி. புனே வண்டியில் 40 பேருக்கு இடம் செய்ய முடிந்தவர்களால் இதையும் செய்ய முடியும்.