மையச் சூடேற்றக் கட்டுப்பாடுகளின் மின்னிணைப்பு (ஐக்கிய இராச்சியம்)

மையச் சூடேற்றக் கட்டுப்பாடுகள் என்பவை, ஒரு வீட்டின் கொதிகலன் எப்போது எரிய வேண்டும், அதில் சூடாகும் நீர் ரேடியேட்டர்களுக்குச் செல்ல வேண்டுமா, குளியலறை வெந்நீர்த் தொட்டிக்குச் செல்ல வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் மின்கருவிகளின் தொகுதி ஆகும். நேரங்காட்டி, அறை தெர்மோஸ்டாட், தொட்டி தெர்மோஸ்டாட், மோட்டார் வால்வு, இவற்றின் கம்பிகள் சேரும் சந்திப் பெட்டி ஆகியவை இதன் உறுப்புகள். பிரித்தானிய வீடுகளில் இவை பெரும்பாலும் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்திலேயே இயங்குகின்றன. அமெரிக்க வீடுகளில் தெர்மோஸ்டாட் கம்பிகளில் ஓடுவது பெரும்பாலும் 24 வோல்ட் மட்டுமே. அமெரிக்கச் செய்முறைக் காணொளியைப் பார்த்துவிட்டு, பிரித்தானியச் சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டைத் திறப்பவர் உயிராபத்தைத் தேடிக்கொள்கிறார்.

== கொதிகலன் வகைகள் ==

காம்பி கொதிகலனில் வெந்நீர்த் தொட்டி இல்லை. குழாயைத் திறந்தவுடன் நீரை அதுவே சூடாக்கித் தருவதால், வெளியிலிருந்து அதற்குத் தேவைப்படுவது 'வீடு குளிர்ந்துவிட்டது, எரி' என்னும் ஒரே சைகைதான். தொட்டியுள்ள வீடுகளில் ரேடியேட்டரும் தொட்டியும் ஒரே கொதிகலனைப் பகிர்ந்துகொள்கின்றன. நீரை யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய அங்கே மோட்டார் வால்வுகள் வேண்டும். அந்த வால்வுகளை இணைக்கும் இரண்டு முறைகள் எஸ் பிளான், ஒய் பிளான் என அழைக்கப்படுகின்றன.

== எஸ் பிளான் ==

இதில் ரேடியேட்டருக்கு ஒன்றும் தொட்டிக்கு ஒன்றுமாக இரண்டு இருவழி வால்வுகள் உண்டு. ஒவ்வொரு வால்விலிருந்தும் ஐந்து கம்பிகள் வெளிவரும். பழுப்பு மோட்டாரை இயக்கும், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சாம்பல், ஆரஞ்சு ஆகிய இரண்டும் வால்வுக்குள் இருக்கும் சிறு சுவிட்சுக்கு உரியவை. அறை குளிர்ந்து தெர்மோஸ்டாட் இணையும்போது பழுப்புக் கம்பிக்கு மின்சாரம் வருகிறது, மோட்டார் வால்வைத் திறக்கிறது. முழுதும் திறந்த பிறகே உள்சுவிட்சு சாம்பலையும் ஆரஞ்சையும் இணைத்துக் கொதிகலனை எரியச் செய்கிறது. வழி திறக்காமல் அடுப்பு எரியக்கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

சாம்பல் கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்பது கவனிக்கத்தக்கது. நேரங்காட்டியை 'ஆஃப்' நிலையில் வைத்துவிட்டு வால்வைக் கழற்றினால் மின்னதிர்ச்சி ஏற்படலாம். அந்தச் சிறு சுவிட்சு பழுதாகி ஒட்டிக்கொண்டால், தெர்மோஸ்டாட் நிறுத்தச் சொன்ன பிறகும் கொதிகலன் எரிந்துகொண்டே இருக்கும். இத்தகைய வீடுகளில் பலர் முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்துப் புதியது வாங்கி மாட்டுகிறார்கள். கோளாறு அப்படியே தொடர்கிறது. ஆரஞ்சுக் கம்பியைச் சோதித்தால் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும்.

== ஒய் பிளான் ==

ஒரே மூவழி வால்வு, மூன்று நிலைகள். மின்சாரம் இல்லாதபோது உள்ளேயுள்ள சுருள்வில் அதைத் தொட்டியின் பக்கம் திருப்பி வைத்திருக்கும். வெள்ளைக் கம்பிக்கு மட்டும் மின்சாரம் வந்தால் அது நடுநிலைக்கு நகர்ந்து, ரேடியேட்டர், தொட்டி இரண்டுக்கும் நீரை விடும். வெள்ளை, சாம்பல் இரண்டுக்கும் வந்தால் முழுதாகத் திரும்பி ரேடியேட்டருக்கு மட்டும் வழிவிடும். அப்போது ஆரஞ்சுக் கம்பி வழியாகக் கொதிகலனுக்குச் சைகை போகும். முதல் இரு நிலைகளில் கொதிகலனை எரியச் செய்வது வால்வு அன்று, தொட்டியின் தெர்மோஸ்டாட்.

ஆகவே சாம்பல் கம்பி சொல்லும் செய்தி 'வெந்நீர் போதும்' என்பதாகும். வெந்நீர் நிறுத்தப்பட்டிருந்தாலோ, தொட்டி வேண்டிய அளவு சூடாகியிருந்தாலோ அதற்கு மின்சாரம் வர வேண்டும். இந்த ஓர் இணைப்பு விடுபட்டால் வால்வு நடுநிலையிலேயே நின்றுவிடும், கொதிகலனுக்குச் சைகை போகாது. 'வெந்நீரையும் சேர்த்துப் போட்டால்தான் வீடு சூடாகிறது' என்ற புகார் வரும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. புதிய கருவி வாங்குமுன் அதில் 'வெந்நீர் ஆஃப்' என்னும் முனை உண்டா என்று பார்ப்பது அவசியம். எஸ் பிளானுக்கு அந்த முனை தேவையில்லை.

== ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைப் பொருத்துதல் ==

மின்சார அறை தெர்மோஸ்டாட்டுக்கு வாரன் ஜான்சன் 1883இல் காப்புரிமை பெற்றார். இணையத்தோடு பேசும் வகையைப் பரவலாக்கிய நெஸ்ட் 2011இல் வெளிவந்தது. 2014இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது. பிரித்தானியாவில் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்தின் ஹைவ் 2013இல் அறிமுகமானது. பெயர் எதுவானாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. சுவரிலோ மேசையிலோ இருக்கும் உணரி கம்பியில்லாமல் ஒரு பெறுவிக்குச் சொல்லும். பெறுவி ஒரு சுவிட்சை மூடும் அல்லது திறக்கும்.

பழைய நேரங்காட்டியின் பின்தகடு பல தயாரிப்புகளுக்குப் பொதுவானது. அதில் நியூட்ரல், லைவ் ஆகியவற்றுக்குப் பின் 1 வெந்நீர் ஆஃப், 2 சூடேற்றம் ஆஃப், 3 வெந்நீர் ஆன், 4 சூடேற்றம் ஆன் என்று முனைகள் அமைந்திருக்கும். இரு தடப் பெறுவியை இத்தகைய தகட்டில் நேரே மாட்டிவிடலாம். ஒரு தடப் பெறுவிகளில் முனைகளின் பொருள் மாறும் என்பதால் கருவியில் அச்சிட்டிருப்பதைப் படித்தே இணைக்க வேண்டும். பழைய அறை தெர்மோஸ்டாட் இருந்த இடத்தையும் மறந்துவிடக்கூடாது. அதை அப்படியே விட்டால் புதிய கருவிக்கு மேல் இன்னொரு எசமானாக அது நிற்கும். அதைக் கழற்றி, அதன் லைவ் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சந்திப் பெட்டியில் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். பழைய இயந்திரத் தெர்மோஸ்டாட்டுகளுக்கு நியூட்ரலும் போயிருக்கும். உள்ளே ஒரு சிறு மின்தடை சற்றே சூடாகி, அறை அளவுக்கு மீறிச் சூடாகுமுன் தொடர்பைத் துண்டிக்க அது உதவியது. அந்த நியூட்ரலை மற்ற இரண்டோடும் சேர்த்து முறுக்கிவிட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும்.

காம்பி கொதிகலன்களில் வேறொரு பொறி இருக்கிறது. சில கொதிகலன்களின் தெர்மோஸ்டாட் முனைகள் 230 வோல்ட்டை எதிர்பார்க்கின்றன. வேறு சிலவற்றுக்கு மின்னழுத்தமற்ற தொடர்பு மட்டுமே தேவை; அதாவது பெறுவி வெறும் சுவிட்சாக நின்றால் போதும். ஓபன்தெர்ம் முனைகளோ குறைந்த மின்னழுத்தத்தில் தரவு பேசுபவை. பெறுவியில் லைவ் முனைக்கும் பொது முனைக்கும் இடையே இணைப்புத் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அதிலிருந்து வரும் கம்பியைக் குறைந்த மின்னழுத்த முனையில் செருகினால் கொதிகலனின் மின்சுற்றுப் பலகை அந்தக் கணமே எரிந்துபோகலாம். கொதிகலன் கையேட்டின் இணைப்புப் படத்தைப் பார்க்காமல் அந்தத் துண்டைத் தொடவே கூடாது.

ஓபன்தெர்ம் உள்ள இடத்தில் அதைப் பயன்படுத்துவதே நல்லது. 'எரி', 'நிறுத்து' என்ற இரண்டு சொற்களுக்குப் பதிலாக 'நீரை இத்தனை பாகைக்குச் சூடாக்கு' என்று அது சொல்கிறது. கொதிகலனும் தணலைக் குறைத்து நீண்ட நேரம் எரிகிறது. எல்லாக் கொதிகலன்களும் இம்மொழியைப் பேசுவதில்லை. எடுத்துக்காட்டாக, வைலன்ட் தன் சொந்த ஈபஸ் முறையைக் கொண்டுள்ளது.

== பாதுகாப்பு ==

சூடேற்ற அமைப்பு முழுவதும் 3 ஆம்பியர் ஃபியூஸ் கொண்ட ஒரே சுவிட்சின் கீழ் இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் அதை அணைத்து, ஃபியூஸையும் கழற்றி, இருமுனைச் சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சோதனைக் கருவி வேலை செய்கிறதா என்பதையும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் மின்சூடேற்றி தனி இணைப்பில் வருவதால் மேற்சொன்ன சுவிட்சு அதை அணைக்காது.

கம்பியின் நிறத்தை நம்ப முடியாது. சுவிட்சு வழியாகத் திரும்பும் கம்பி நீலமாக இருந்தும் லைவாக இருக்கலாம். 2004க்கு முந்தைய வீடுகளில் சிவப்பும் கறுப்புமே காணப்படும். கம்பி போதாத இடத்தில் பச்சை-மஞ்சள் எர்த்தையே லைவாகப் பயன்படுத்தியிருப்பதும் உண்டு. அது தவறு, கேபிளையே மாற்ற வேண்டும். எதையும் கழற்றுமுன் எல்லா முனைகளையும் ஒளிப்படம் எடுத்துவைப்பது செலவில்லாத காப்பு.

எரிவாயுக் கொதிகலனில் எரிவாயு தொடர்பான வேலையைக் கேஸ் சேஃப் பதிவு பெற்றவரே செய்யலாம். இப்பதிவேடு 2009இல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஏப்ரல் 2018 முதல் புதிய காம்பி கொதிகலனுடன் வானிலை ஈடுகட்டல், சுமை ஈடுகட்டல், புகைவெப்ப மீட்பு, தானியங்கு ஸ்மார்ட் கட்டுப்பாடு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருக்க வேண்டும்.

== அமைப்புகள் ==

உணரியைத் தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில், வெயிலும் வாசல் காற்றும் தொலைக்காட்சியின் சூடும் படாத உட்சுவரில் வைப்பர். அந்த அறை ரேடியேட்டரில் வெப்பநிலை வால்வு இருந்தால் அதை முழுதும் திறந்துவைக்க வேண்டும். இல்லையேல் வால்வு முதலில் மூடிக்கொள்ளும். அறை குறித்த வெப்பத்தை எட்டாது. கொதிகலன் மற்ற அறைகளை வீணாகச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

பல கருவிகளில் மணிக்கு எத்தனை முறை கொதிகலனை எரியவிடுவது என்ற அமைப்பு உண்டு. எரிவாயுவுக்கு 6, எண்ணெய்க்கு 3 என்பது வழக்கம். நீராவி ஒடுக்கும் கொதிகலனுக்குத் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான் அதன் சிக்கனம் கிடைக்கும். எனவே ரேடியேட்டருக்கான நீரின் வெப்பத்தைக் குறைப்பது, விலையுயர்ந்த தெர்மோஸ்டாட் வாங்குவதைவிடச் சில வீடுகளில் கூடுதல் பயன் தரும். தொட்டி நீரை மட்டும் 60 பாகைக்குக் கீழே விடக்கூடாது; லெஜியோனெல்லா நுண்ணுயிரி வளர இடம் கிடைத்துவிடும்.

கருவி வாங்குவோர் இணையம் அறுந்தால் அது நேர அட்டவணையைத் தானே நடத்துமா, கையால் இயக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முதல் இரு தலைமுறை நெஸ்ட் கற்கும் தெர்மோஸ்டாட்டுகளுக்கான ஆதரவை 2025 அக்டோபர் 25 முதல் நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்தது. அதன்படி செயலி வழியாக அவற்றை இயக்குவது நின்றுபோனது. சுவரில் உள்ள வளையத்தைத் திருப்பி வெப்பத்தை மாற்றுவது தொடர்கிறது.