'நேரில்' என்றொரு சொல்

2021 ஜனவரி 22 அன்று லண்டன் உயர்நீதிமன்றம் ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் அடைக்கப் பரிந்துரை எழுதும் மருத்துவர் அவரை 'நேரில் பரிசோதித்திருக்க' வேண்டும் என்கிறது இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டம். வீடியோத் திரையில் பார்த்தால் அது நேரில் பார்த்ததாகுமா? ஆகலாம் என்று கொரோனாக் காலத்தில் அரசு மருத்துவ அமைப்பு வழிகாட்டியிருந்தது. டெவன் பகுதியின் அரசு மனநலச் சேவை அமைப்பு தெளிவு கேட்டு நீதிமன்றம் போனது. ஆகாது, மருத்துவர் உடலோடு அங்கே இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஆளின் சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரத்தை இறுக்கமாகத்தான் வாசிக்க வேண்டும். மாற்றுவதென்றால் பாராளுமன்றம் மாற்றட்டும்.

அப்படி என்ன பெரிய வித்தியாசம்னு கேட்கலாம். காலைப் பாருங்கள். மனநோய்க்கான மருந்துகள் சிலருக்குக் கால்களில் ஓயாத தவிப்பை உண்டாக்கும். உட்கார முடியாது, நிற்க முடியாது. திரை மார்புக்கு மேலேதான் காட்டும். மருந்தின் கொடுமை மேசைக்குக் கீழே நடந்துகொண்டிருக்க, மேலே தெரிகிற முகத்தை வைத்து 'பதற்றம், ஒத்துழைப்பு இல்லை' என்று குறிப்பெழுதிவிட முடியும். இணைப்பு ஒரு நொடி தாமதித்தால் அந்த மௌனம் யாருடையது, நோயாளியுடையதா கம்பியுடையதா? யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்புகிற மனிதரைக் கேமராவின் முன் உட்காரவைத்து, அந்த நம்பிக்கை தவறா என்று கேட்பதில் ஒரு குரூரமான வேடிக்கையும் இருக்கிறது.

சரி, இந்தச் சொல்லின் காப்பு யாருக்கு? தீர்ப்பு விளக்கியது சட்டத்தின் இரண்டாம் பகுதியை, அதாவது குற்ற வழக்கில் சிக்காதவர்களை அடைப்பதற்கான விதிகளை. மூன்றாம் பகுதி நீதிமன்றம், சிறை வழியாக வருபவர்களுக்கானது. அங்கே 37ஆம் பிரிவின்படி ஒருவரைத் தண்டனைக்குப் பதிலாக மருத்துவமனைக்கு அனுப்ப இரண்டு மருத்துவர்களின் எழுத்து அல்லது வாய்மொழிச் சாட்சியம் வேண்டும். 47ஆம் பிரிவின்படி தண்டனைக் கைதியைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்கு மாற்ற இரண்டு மருத்துவர்களின் அறிக்கை வேண்டும். 'நேரில்' என்ற சொல் இந்த இரண்டு இடத்திலும் இல்லை. 41ஆம் பிரிவின் கட்டுப்பாட்டு ஆணையும் சேர்ந்தால் கெடு எதுவும் கிடையாது, வெளியே விட நீதித்துறை அமைச்சரோ தீர்ப்பாயமோ மனம் வைக்க வேண்டும். இதற்கு மருத்துவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வாய்மொழியாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. கவனியுங்கள், நீதிபதியின் முன் மருத்துவர் பேச வேண்டும் என்கிற சட்டம், நோயாளியின் முன் அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. அதிக காலம் அடைபடக்கூடியவருக்கே இந்தச் சொல் இல்லை.

உடனே ஃபூக்கோவைக் கூப்பிட்டு, எல்லாம் பனாப்டிகான் என்று முடித்துவிடுவது நமக்குப் பழகிய சௌகரியம். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. சிறையில் மனம் சிதைந்து கிடப்பவர் மருத்துவர் வந்து பார்ப்பதற்காகவே காத்துக் கிடக்கிறார். திரை அந்தக் காத்திருப்பைக் குறைக்குமானால் அது அவருக்கு நல்லதுதான். கைவிலங்கோடு வண்டியில் ஏற்றிப்போய், காவலர் பக்கத்தில் நிற்கப் பரிசோதிக்கப்படுவது மட்டும் என்ன மனிதத்தனமான 'நேர்'? இங்கிலாந்தில் உயர்பாதுகாப்பு மருத்துவமனைகள் மூன்றே மூன்று: பிராட்மூர், ராம்ப்டன், ஆஷ்வொர்த். தூரத்து ஊரில் இருக்கும் வயசான அம்மாவுக்குத் திரையில் தெரிகிற மகன் முகம் சின்ன விஷயமில்லை.

ஆக, திரை நல்லதா கெட்டதா என்பது கேள்வியே இல்லை. எந்த வேலைக்குத் திரை, அதை யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி. மாதாந்திரப் பேச்சுக்கு, மருந்து விசாரிப்புக்கு, நோயாளி சம்மதித்தால் இருக்கட்டும். 'இவர் ஆபத்தானவர்' என்று எழுதப்போகிற அறிக்கைக்கு வேண்டாம். அந்த வாக்கியம் வருஷக்கணக்கில் அவர் கோப்போடு கூடவே போகும். அடுத்த மருத்துவர் அதைத்தான் முதலில் வாசிப்பார், திரையில் பார்த்து எழுதியதா என்று தேடிப் பார்க்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. திரைக்கு வெளியே, கேமரா காட்டாத மூலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பாதுகாப்புக்காக ஊழியர் ஒருவர் அறையில் இருந்தால் மருத்துவருக்கு அது தெரியாமலே போகலாம். அந்த ஊழியரைப் பற்றித்தான் நோயாளிக்குப் புகார் என்றால் அவர் அதை யாரிடம் சொல்வார்?

2020 மார்ச்சில், விசாரணைக்கு முன் நோயாளியைத் தனியே பரிசோதிக்கும் பொறுப்பிலிருந்து மனநலத் தீர்ப்பாயத்தின் மருத்துவ உறுப்பினர்களுக்கு விலக்கு தரப்பட்டது. தொற்றுக்காகச் செய்தார்கள், காரணம் நியாயம்தான். ஆனால் விடுதலை கேட்டு விண்ணப்பித்தவருக்கு, தன்னை அடைத்து வைத்திருக்கும் மருத்துவமனையைச் சேராத ஒரு மருத்துவர் எதிரே வந்து உட்காரும் சந்தர்ப்பம் அது ஒன்றாகவே இருந்திருக்கலாம்.